தூக்கம் வந்தா சொல்லு!

"தம்பி, வர்ற வெள்ளிக்கிழமை ஒன் மருமவன் லாரி ஓட்டப் போறான்டா!"

போனில் அக்காவின் குரல். அது சந்தோஷமா, பயமா என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ரெண்டும்தான் என்பது அடுத்த வரியில் தெரிந்துவிட்டது.

"ஒரே ஒரு ராத்திரி நீயும் கூடப் போயிட்டு வந்துடேன்."

"நான் போய் என்னக்கா பண்ணப் போறேன்? எனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது."

"நீ ஒண்ணும் ஓட்ட வேணாம். சும்மா பக்கத்துல ஒக்காந்திரு. போதும்."

பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பூம்புகாரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கடலுக்குக் கேட்கும். எங்கள் சனத்துக்குத் தெரிந்த தொழிலும் கடல் ஒன்றுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு வயசுப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அக்கா மேற்கே பார்த்து ஓடினாள். மேலையூர் வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். மச்சான் எப்படியோ பிழைத்து வந்து சேர்ந்தார். போட்டும் வலையும் வரவில்லை. அன்றைக்கு அக்கா ஒரு முடிவெடுத்தாள். 'இந்தப் பிள்ளை கடலுக்குப் போகாது.'

பதினெட்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையும் ஒரு முடிவெடுத்தான். 'அப்ப நான் ரோட்டுக்குப் போறேன்!'

நாமக்கல் பக்கத்து வண்டி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்தான். வண்டி கழுவினான், கயிறு கட்டினான், தார்ப்பாய் இழுத்தான், அடுப்பு பற்றவைத்துச் சோறு பொங்கினான். ராத்திரி எந்த ஊரில் வண்டி நின்றாலும் இறங்கி, ஒவ்வொரு டயரையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்தான். "சத்தத்த வெச்சே காத்து இருக்கா, எறங்கியிருக்கான்னு சொல்லிடுவேன் மாமா" என்று ஒருமுறை பெருமையாகச் சொன்னான்.

நினைத்தவுடன் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. சரக்கு வண்டி ஓட்ட இருபது வயசு முடிந்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கார், ஜீப் மாதிரி இலகுரக வண்டிக்கான லைசென்ஸை ஒரு வருஷமாவது கையில் வைத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கனரக வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸே தருவார்கள். அதையெல்லாம் முடித்து, மூன்று வருஷக் கிளீனர் வேலைக்குப் பிறகு, இருபத்திரண்டு வயசில் 'செகண்ட் டிரைவர்' ஆகியிருந்தான் மருமகன். லைன் வண்டிகளில் இரண்டு டிரைவர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவார்.

முதல் ஓட்டம், பூம்புகார் பக்கத்துக் கிராமத்திலிருந்து பாலக்காட்டுக்கு. சரக்கு வைக்கோல். சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் டெல்டாவுக்கு லாரிகள் வரிசை கட்டி வரும். வயலில் கிடக்கும் வைக்கோலை மெஷின் உருட்டிச் சுருட்டிக் கட்டாகப் போட்டுவிடும். அது கொங்கு நாட்டு மாட்டுக்கும் கேரளத்து மாட்டுக்கும் போய்ச் சேரும். நெல்லை நாம் சாப்பிடுகிறோம். வைக்கோல் நானூறு கிலோமீட்டர் பயணம் போய்ப் பாலாகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலில் வண்டி நின்றது. பத்துச் சக்கரம். அக்கா சூடம் ஏற்றி, நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். மச்சான் ஒன்றும் பேசாமல் பின்னால் போய், கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடல்காரருக்கு முடிச்சு தெரியும். எல்லாம் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பையனுக்கு அதுதான் பெரிய சர்ட்டிஃபிகேட்.

"கடலுக்குப் பயந்து இவன ரோட்டுக்கு அனுப்புனேன். ரோடு மட்டும் என்ன, கடலவிடச் சின்னதாவா இருக்கு?" என்றாள் அக்கா. புளிச்சாதப் பொட்டலம் என் மடிக்கு வந்தது.

பெரிய டிரைவர் சங்ககிரிக்காரர். ஐம்பத்தைந்து வயசிருக்கும். அதில் முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவர். "ஏனுங் சார், பின்னால படுத்துக்கறதுன்னா படுத்துக்குங்க. வெக்கையா இருக்கும், பாத்துக்குங்க" என்றார். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று அரசு விதி வந்துவிட்டது. இது அதற்குப் பல வருஷம் முந்திய வண்டி. இன்ஜின் சூடு காலில் அடித்தது.

தஞ்சாவூர் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஊரும் வளைவும் சின்னப் பாலமுமாக வரும் ரோடு. வைக்கோல் வண்டிக்கு முதல் எதிரி கரன்ட் கம்பி. தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கம்பி உரசினால் போதும், மொத்தமும் பற்றிக்கொள்ளும். கம்பி தாழ்வாகத் தெரிந்த இடத்தில் எல்லாம் வண்டியை நிறுத்த, மருமகன் குதித்து இறங்கி அண்ணாந்து பார்த்து, "வரலாம்ணே... வரலாம்... ரைட்டு!" என்று குரல் கொடுத்தான். வண்டியைவிட அவன் கழுத்துதான் அன்றைக்கு அதிகம் உழைத்தது.

இடையில் பெரியவர் கேட்டார். "பூம்புகார்னு பேரு பெருசா இருக்குது... உங்க ஊர்ல என்னதான் சார் இருக்குது?"

ஊருக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. 1973-ல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காட்டுவோம். அப்புறம் கடலைக் கையால் காட்டி, 'மிச்சமெல்லாம் அதுக்குள்ள இருக்கு' என்போம். ஆனால், ஒரு லாரி டிரைவருக்குச் சொல்ல எங்கள் ஊரில் வேறொரு கதை இருந்தது.

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இது பெரிய துறைமுகம்ணே. கப்பல்ல குதிரை வந்து இறங்கும். மேற்கு மலையிலேர்ந்து மிளகு மூட்டை வண்டியில வரும். பட்டினப்பாலைங்கற பாட்டுல இருக்கு. மூட்டையில புலிச் சின்னம் குத்தி, சுங்கம் வாங்குவாங்களாம்."

"அப்பவே டோல்கேட்டுங்களா!" என்று சிரித்தார்.

"கண்ணகி புருஷன் கோவலன் இருக்கான்ல... அவங்க அப்பா பேரு மாசாத்துவான். சாத்துன்னா வணிகக் கூட்டம். வண்டியும் மாடுமா ஊர் ஊராப் போறவங்க. அதுல பெரிய ஆளு அவர். இப்போ மாதிரி சொன்னா, பெரிய டிரான்ஸ்போர்ட் ஓனர்!"

அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். பிறகு கேட்டார்.

"ஓனர் பேரு எழுதி வெச்சிருக்காங்க. வண்டி ஓட்டுனவன் பேரு?"

"அது இல்லண்ணே."

"அதானே!" என்றார்.

நாங்கள் போய்க்கொண்டிருந்த திசையே அந்த மிளகு வந்த திசைதான். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் இறங்கி, கொடுமணல், கரூர் என்று காவிரியைப் பிடித்துப் புகாருக்கு வந்து சேர்ந்த பழைய வணிகப் பாதை அது. காங்கேயத்துக்கு வடக்கே இருக்கும் கொடுமணலில் தோண்டியபோது கல்மணி செய்த இடமும் இரும்பு உருக்கிய உலையும் கிடைத்தன. கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தன. கோவைக்குப் பக்கத்தில் சுண்டக்காமுத்தூரில் 'இராசகேசரிப் பெருவழி' என்று பாதைக்குப் பேர் வைத்த சோழர் காலக் கல்வெட்டே இருக்கிறது. அன்றைக்கு மிளகு கிழக்கே வந்தது. இன்றைக்கு வைக்கோல் மேற்கே போகிறது. அந்தக் காலத்திலும் எவனோ ஒரு பூம்புகார்ப் பையன் முதன்முதலாக மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்திருப்பான். அவனுடைய அக்காவோ அம்மாவோ வாசலில் நின்றிருப்பாள்.

தஞ்சாவூர் தாண்டி ஓரமாக நிறுத்திப் புளிச்சாதம் சாப்பிட்டோம். ராத்திரி பதினொரு மணி. பெரியவர் சாவியை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார்.

"மூணு விசயம் கண்ணு. காத்து ஏறாம வண்டிய நகத்தாத. முன்னால போறவன் பின்னாடி ஒட்டாத. மூணாவது, தூக்கம் வந்தா சொல்லு."

"சரிண்ணே."

அவன் ஏறி உட்கார்ந்தான். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறும் வரை முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ரெண்டு நிமிஷம் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு வண்டி நகர்ந்தது. நாலு வழிச்சாலையில் ஏறியதும், சின்னப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "ரோட்டப் பாருடா" என்றேன். நான் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அன்றைக்கு அதுதான்.

நன்றாகவே ஓட்டினான். திருச்சியில் ஒரு டீ. பெரியவர் பின்னால் படுத்துக்கொண்டார். குளித்தலை பக்கம் போகும்போது வலது கைப்பக்கம் இருட்டுக்குள் காவிரி கூடவே வந்தது. ஊரில் கடலோடு கலந்து முடிந்துபோகிற ஆற்றை எதிர்த்துக்கொண்டு மேலே மேலே போகிறோம் என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. நடுவில் வியாபாரி போன் செய்தார். "எங்கப்பா வர்றீங்க? காலையில ஆளு வந்து காத்துக் கெடப்பாங்க." "வந்துட்டே இருக்கோம் சார்" என்றான் மருமகன். அதற்குப் பிறகு வேகம் கொஞ்சம் கூடியது.

கரூர் தாண்டும்போது மணி மூன்று.

முதலில் அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். பிறகு கண்ணாடியை முழுசாக இறக்கினான். பாக்குப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டான். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். கன்னத்தில் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டான். எனக்கு எல்லாம் தெரிந்தது. காலை ஐந்து மணியிலிருந்து லோடு ஏற்றியவன் அவன். சாயங்காலம் படுக்கச் சொன்னபோது, 'தூக்கம் வரல மாமா' என்று சிரித்தவன்.

'நிறுத்துடா' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்? முதல் நாள், நாமே அவனை நம்பாவிட்டால் எப்படி? கேட்டால் சங்கடப்படுவானோ? இன்னும் பத்து கிலோமீட்டர் பார்க்கலாமே! இப்படி மூன்று காரணங்கள் என்னிடம் இருந்தன. மூன்றும் மரியாதையான காரணங்கள். ஒரு ஆளைக் கொல்ல அது போதும்.

தென்னிலை தாண்டியிருப்போம். ஒரு கணம் இன்ஜின் சத்தம் மாறியது மாதிரி இருந்தது. சத்தம் மாறவில்லை, ரோடுதான் மாறியிருக்கிறது. இடது சக்கரங்கள் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தன. விளக்கு வெளிச்சத்தில் ஒரு புளியமரம் நேராக வந்தது. மருமகன் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவன் அங்கே இல்லை.

"டேய்!"

கத்தியது நான் இல்லை. தூங்கிக்கொண்டிருந்த பெரியவர். சக்கரம் மண்ணில் இறங்கிய சத்தம் தூக்கத்திலேயே அவர் காதுக்குக் கேட்டிருக்கிறது. பின்னாலிருந்து எட்டிக் கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டார். பையன் பிரேக்கை மிதித்தான். மரத்துக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது வண்டி நின்றது. மேலே வைக்கோல் மூச்சு விடுவது மாதிரி அசைந்து அடங்கியது.

அடிப்பார் என்று நினைத்தேன். பெரியவர் இறங்கினார். டயரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். தண்ணீர் கேனை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தூக்கம் வந்துச்சா?"

"இல்லண்ணே. சும்மா... கண்ணுல பூச்சி..."

"கண்ணு, தூக்கம் வந்துச்சா?"

அவன் அழுதுவிட்டான். "வந்துச்சுண்ணே. கரூர்லயே வந்துச்சு. முத நாளே முடியலன்னு சொன்னா, நீங்க கிளீனருக்கே திருப்பி அனுப்பிடுவீங்கன்னு..."

பெரியவர் ரோட்டோரத்தில் குந்தி உட்கார்ந்தார். தன் கதையைச் சொன்னார். அவர் வண்டி ஓட்ட ஆரம்பித்த முதல் வருஷம், இதே மாதிரி ஒரு விடியக்காலை, ரோட்டோரம் நின்ற ஒரு தள்ளுவண்டிப் பழக்கடையை அப்படியே ஏற்றி நசுக்கிவிட்டார். கடைக்காரர் அதில் இல்லை. எதிரே டீ குடிக்கப் போயிருந்தார்.

"அவன் ஒரு டீக்கு நிறுத்துனான், பொழச்சான். நான் ஒரு டீக்கு நிறுத்தல. அந்த ஆளு கையில கிளாஸோட நின்னு என்னைப் பாத்தான் பாருங்க சார்... ஒரு வார்த்தை திட்டல. முப்பது வருசமா அந்த கிளாஸ் என் கண்ணுலயே இருக்குது."

பிறகு மருமகனிடம் சொன்னார். "வண்டி ஓட்டறது ஆறு மாசத்துல யாருக்கும் வந்துரும். முடியலன்னு சொல்றதுக்குத்தான் வருசக்கணக்காகும். நீ இன்னிக்கே சொல்லிட்டே. போய்ப் படு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏனென்றால் சொல்லாமல் இருந்தது அவன் மட்டும் இல்லையே.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் நிதானத்துக்குச் சமமாகிவிடுகிறது என்று ஆராய்ச்சி சொல்கிறது. நம் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விட்டுக்கொடுப்பது 30 மில்லிகிராம்தான். குடித்தவரை ஊதச் சொல்லிக் கண்டுபிடித்துவிடலாம். தூக்கத்தை எதில் ஊதிக் காட்டுவது? அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் மூன்று விநாடி கண் அயர்ந்தால், ஐம்பது மீட்டர் தூரத்துக்கு அதை ஓட்டுவதற்கு ஆளே இல்லை.

சட்டமும் இருந்தது. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025-ல் விலக்கப்படும் வரை, ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தால் நடுவில் அரை மணி ஓய்வு என்றது. இதைப் போனில் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "1961-லயா? நான் பொறக்கறதுக்கு முன்னாலயே எனக்கு ரெஸ்ட் குடுத்துட்டாங்களா! ரொம்ப சந்தோசமுங்க. பேட்டாவ டிரிப் கணக்குல குடுத்துட்டு, ரெஸ்ட மணிக் கணக்குல எடுன்னா யாரு எடுப்பா?"

அதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடினால்தான் காசு. நின்றால் இல்லை. அதனால் தூக்கம் ஒரு குற்றம் மாதிரி, ஒளித்து வைக்க வேண்டிய சங்கதியாகிவிடுகிறது. இது லாரிக்காரர்களோடு நின்றுவிடவில்லை. முதல் வேலைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் 'முடியும்னு சொல்லு' என்றுதான் சொல்லி அனுப்புகிறோம். 'முடியலன்னாலும் சொல்லு' என்று யாராவது சொல்கிறோமா?

அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியிலேயே ரெண்டு மணி நேரம் வண்டி நின்றது. வியாபாரி போன் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியவர் எடுத்து, "டயர் பாக்கறோமுங்க" என்று ஒரு பொய் சொன்னார். 'டிரைவர் தூங்குகிறார்' என்ற உண்மையை ஒத்துக்கொள்ள யாரும் இல்லாததால், முப்பது வருஷ அனுபவசாலியும் டயர் மேல்தான் பழியைப் போட வேண்டியிருந்தது.

விடிந்த பிறகு அவரே ஓட்டினார். பாலக்காட்டில் லோடு இறங்கும்போது மணி பத்து. மருமகன் இன்னும் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான். வாயைப் பிளந்துகொண்டு, அந்த ஒரு வயசுப் பிள்ளை மாதிரியே. யாரும் எழுப்பிவிடாமல் இருக்க, பெரியவர் கேபின் படியிலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போன் செய்தாள். "ஓட்டினானா?"

"நல்லா ஓட்டினான்க்கா."

"இப்ப என்ன பண்றான்?"

"தூங்குறான்."

"அதுதான்டா வேணும்" என்றாள். அவளிடம் புளியமரத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அங்கிருந்து ரிட்டர்ன் லோடு பிடித்து அவர்கள் வடக்கே போனார்கள். நான் பஸ் ஏறிச் சென்னைக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்து, நள்ளிரவு ரெண்டரை மணிக்கு என் போன் அடித்தது. அந்த நேரத்து போன் என்றால் கை நடுங்கத்தானே செய்யும்? மருமகன் பேர் தெரிந்ததும் நெஞ்சு அடைத்தது.

"மாமா... பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல. சோலாப்பூர் தாண்டி வந்துட்டிருந்தேன். தூக்கம் வந்துச்சு. பெரிய டிரைவர்கிட்ட சொல்லிட்டு ஓரங்கட்டிட்டேன். உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு."

"அதுக்காடா இந்த நேரத்துல எழுப்புனே?"

"ஆமா மாமா."

"சரி... தூங்கு."

போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தானே அக்கா என்னை அனுப்பினாள்?